புள்ளிக்குப் பின்னால் பத்து

அந்த அலுவலகத்தில் ஆணி அடிக்கச் சுத்தியல் தேவையில்லை. ஒரு கோப்பைத் திறந்து, எண்ணுக்கு முன்னால் நிற்கும் ஒரு குறியை அழித்துவிட்டால் ஆணி அடித்தாயிற்று. அதில் கை தேர்ந்தவள் டீச்சர்.

அவள் இப்போது டீச்சர் இல்லை. பதினோரு வருடம் ஐந்தாம் வகுப்புக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு, முப்பத்தைந்து வயதில் நிரல் எழுதக் கற்றுக்கொண்டு, மருத்துவமனைச் சமையலறைகளுக்கு மென்பொருள் செய்யும் இந்தச் சின்ன நிறுவனத்துக்கு வந்தவள். வந்து நாலு வருடமாகிறது. ஆனால் மேசை மேல் எந்நேரமும் சிவப்புப் பேனா வைத்திருப்பவளை வேறு எப்படித்தான் கூப்பிடுவது? முதல் வாரமே டீச்சர் ஆகிவிட்டாள். சம்பளச் சீட்டில் மட்டும்தான் வேறு பேர்.

இவர்கள் செய்யும் மென்பொருளின் வேலை சின்னதுதான், ஆனால் தப்பினால் ஆபத்து. நோயாளிக்குப் போகும் ஒவ்வொரு சாப்பாட்டுத் தட்டிலும் ஒரு சீட்டு இருக்கும். அறை எண், பேர், அதற்குக் கீழே உப்பு கூடாது, சர்க்கரை கூடாது, திரவம் மட்டும் என்று ஏதாவது ஒரு வரி. அந்தச் சீட்டை அச்சடித்துத் தருவதுதான் மென்பொருள். எல்லாவற்றையும் இவர்களே எழுதுவதில்லை. யார் யாரோ எழுதிப் பொதுவில் வைத்திருக்கும் நிரல்களை எடுத்துக்கொள்வார்கள். அதற்குப் பேக்கேஜ் என்று பேர். எந்தப் பேக்கேஜ், எந்த வெர்ஷன் என்று பட்டியல் எழுதி வைத்தால், பேக்கேஜ் மேனேஜர் என்ற ஒரு நிரல் அதைப் படித்துப் போய் வாங்கி வரும். கடைக்குப் போகிற ஆளிடம் சீட்டு எழுதிக் கொடுப்பது போலத்தான். எண்ணுக்கு முன்னால் தொப்பி மாதிரி ஒரு குறி போட்டால், 'இது, அல்லது இதைவிடப் புதுசு, முதல் எண் மாறாத வரைக்கும் எது கிடைத்தாலும் சரி' என்று அர்த்தம். குறி இல்லாமல் மொட்டையாக எண் மட்டும் எழுதினால், 'இதுதான் வேண்டும், இல்லையென்றால் வெறுங்கையோடு வா.' முதலாவதற்கு அலுவலகத்தில் தொப்பி என்று பேர். இரண்டாவதுதான் ஆணி.

டீச்சரின் பட்டியலில் பதினாலு ஆணி. பதினாலிலும் மூத்தது, சீட்டு அச்சடிக்கும் பேக்கேஜுக்கு அடித்தது: 1.9.3. பக்கத்தில் ஒரு குறிப்பு. 'இதைத் தொடாதீர்கள். டீச்சர்.'

நாலு வருடம் யாரும் தொடவில்லை. அதற்குக் காரணம், வந்த புதிதில் அவள் கண்டுபிடித்த ஒரு வினை. பேர் நீளமாக இருந்தால் அந்தப் பேக்கேஜ் தடுமாறி, உப்பு கூடாது என்ற வரியை அடுத்த சீட்டுக்குத் தள்ளிவிடும். தட்டு ஒரு பக்கம் போகும், எச்சரிக்கை ஒரு பக்கம் போகும். மூத்தவர்களே கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது, நேற்று வந்த டீச்சர் உட்கார்ந்து இருநூற்றுப் பன்னிரண்டு வரி எழுதினாள். நீளமான பேரை எடுத்து, அளந்து, இரண்டாக மடித்து, அதற்குப் பிறகே பேக்கேஜிடம் கொடுக்கும் வரிகள். வினை தீர்ந்தது. அந்த வரிகளுக்குப் பொருந்திய வெர்ஷன் மாறிவிடக் கூடாதென்று ஆணியும் அடித்தாள். ஒரே ஒரு குறை. பேர் மடிந்த ஒவ்வொரு சீட்டுக்குப் பின்னாலும் வெற்றுச் சீட்டு ஒன்று வால் போல வந்து விழும். அதை யார் பெரிதுபடுத்தப் போகிறார்கள்?

சமையலறை மேற்பார்வை அம்மா பெரிதுபடுத்தினாள். மாதம் ஒரு தரம் போன் வரும். "டீச்சர், இன்னைக்கும் ஒரு கூடை வெத்துச் சீட்டு. நான் என்ன மாலையா கட்டட்டும்?"

"அது அப்படித்தான்மா வரும். அதுல எதையாவது எழுதிக்கோங்க" என்று டீச்சர் சிரித்து மழுப்பிவிடுவாள்.

இப்படி எல்லாம் சுகமாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் குழுவை நடத்தப் புது லீட் வந்து சேர்ந்தார். நல்ல மனுஷன், சுறுசுறுப்பு, ஆனால் ஆணியைக் கண்டாலே அவருக்கு ஆகாது. ஆணி அடித்தால் நிரல் துருப்பிடிக்கும், பழசிலேயே உட்கார்ந்துவிடுவோம், எல்லாவற்றுக்கும் தொப்பி வைப்போம் என்று வந்த நாளிலிருந்து ஒரே பாட்டு. மூன்றாவது நாளே அவருக்குத் தொப்பிக்காரர் என்று பேர் வைத்துவிட்டார்கள். அவரும் கோபித்துக்கொள்ளவில்லை.

புதன்கிழமை மேடம், அதாவது மேலாளர், டீச்சரைத் தனியாகக் கூப்பிட்டாள். "வெளியீட்டுப் பொறுப்பை யார்கிட்டயாவது ஒப்படைக்கணும் டீச்சர். புது வெர்ஷன் சமையலறைக்குப் போகுதா, போகலையான்னு கடைசி வார்த்தை சொல்ற ஆள். எனக்கு உங்க மேலதான் நெனப்பு. நாளைக்கு மீட்டிங்ல அந்தப் பதினாலு ஆணிக்கும் தலா ஒரு வரி காரணம் சொல்லிடுங்க. தொப்பிக்காரர் வாயை அடைச்சிட்டீங்கன்னா மத்ததெல்லாம் தன்னால நடக்கும்."

அந்தப் பொறுப்புக்காக டீச்சர் ஒரு வருடமாகக் காத்திருந்தாள். வெளியே சொன்னதில்லை. பாதி வயதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து முதல் எழுத்திலிருந்து படித்து வந்தவளுக்கு, 'இவள் சரி என்றால் சரி' என்று நாலு பேர் சொல்ல வேண்டும் என்ற ஆசை இருக்காதா? இருந்தது. நிறையவே இருந்தது.

பதிமூன்று ஆணிக்குக் காரணம் விரல் நுனியில் இருந்தது. மூத்த ஆணிக்கு மட்டும் தேதி, விவரம் எல்லாம் சரியாகச் சொல்ல வேண்டுமே என்று, அன்று சாயங்காலம் வீட்டு அலமாரியிலிருந்து முதல் வருட நோட்டைத் தேடி எடுத்தாள். வீட்டுக்காரர் எதிரே உட்கார்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். அவரும் கணக்கு வாத்தியார்தான், அவள் விட்டுவிட்டு வந்த அதே பள்ளியில்.

நோட்டில் அவள் கையெழுத்து அழகாக இருந்தது. வினை என்ன, என்றைக்குக் கண்டுபிடித்தது, எல்லாம் வரிசையாக. கடைசியில் அடிக்கோடிட்டு இரண்டு வரி: 'கிடைக்கும் வெர்ஷன்கள்: 1.10, 1.9.3. இதில் 1.10 பழசு, வேண்டாம். 1.9.3-தான் கடைசி.'

டீச்சர் அந்த இரண்டு வரியையும் திரும்ப ஒரு தரம் படித்தாள்.

வெர்ஷன் எண் தசம எண் இல்லை. ஒன்பதுக்கு அடுத்தது பத்து, அவ்வளவுதான். 1.10 என்றால் 1.9-க்குப் பிறகு வந்தது. இது இன்றைக்கு அவளுக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும். ஆனால் அன்றைக்கு அவள் பள்ளிக்கூடத்திலிருந்து நேராக இறங்கி வந்தவள். 'ஒன்று புள்ளி பத்து' என்று எந்தப் பிள்ளை வாயைத் திறந்தாலும் மூக்கு சிவந்துவிடும் அவளுக்கு. "புள்ளிக்கு அப்புறம் பத்துன்னு ஒண்ணு கிடையாது! ஒண்ணு புள்ளி ஒண்ணு சுழியம். ஒண்ணு புள்ளி ஒன்பதைவிட அது சின்னது!" அப்படியும் வருடத்துக்கு நாலு பேர் 1.10-தான் பெரிசு என்று எழுதி வைப்பார்கள். ஒன்பதுக்கு அப்புறம் பத்துதானே டீச்சர் என்று வாதம் வேறு. சிவப்பில் பெருக்கல் குறி, அதற்குக் கீழே ஒரு கோடு, கோட்டுக்குக் கீழே 'பெற்றோர் கையொப்பம்'. பதினோரு வருடம் இப்படிப் போட்ட கை, ஒரு நாளில் மாறுமா?

கணினியைத் திறந்து 1.10-இல் என்ன மாற்றினார்கள் என்று பார்த்தாள். இரண்டாவது வரியிலேயே இருந்தது: நீளமான பேர்கள் இனி ஒரே சீட்டில் அடங்கும். நாலு வருடத்துக்கு முந்தைய தேதி. அந்த இருநூற்றுப் பன்னிரண்டில் முதல் வரியை அவள் எழுதிய நாளுக்கு ஒரு வாரம் முன்னாலேயே வந்துவிட்ட தேதி.

"என்னங்க" என்றாள். "1.10 பெருசா, 1.9 பெருசா?"

அவர் தலையை நிமிர்த்தாமலே, "என்ன, என்னைப் பரீட்சை பண்றியா? 1.9" என்றார்.

"இதுல 1.10தான் பெருசு."

"எதுல?"

சொன்னாள். முழுவதும் சொன்னாள். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார். கேட்டுவிட்டும், "இருந்தாலும் புள்ளிக்கு அப்புறம் பத்து வர்றது அநியாயம்மா. எந்த ஊர்க் கணக்கு அது?" என்றார். அவருக்கு அந்த நேரத்தில் மனைவியின் கவலையைவிடத் தசமத்துக்கு நேர்ந்த அவமானம்தான் பெரிதாகப் பட்டது.

"நாளைக்குச் சொன்னா பொறுப்பு போயிடும்."

"சொல்லலைன்னா?"

"கிடைச்சிடும். யாருக்கும் தெரியவே தெரியாது."

"அப்ப கஷ்டம்தான்" என்றார் அவர். அவர் எப்போதும் அப்படித்தான், கேள்வியைச் சரியாகப் புரிந்துகொள்வார், விடையை எழுத மாட்டார். திரும்பவும் விடைத்தாளை எடுத்தார். ஏதோ சந்தேகம் வந்து பாடப் புத்தகத்தைப் புரட்டினார். புரட்டினவர் கை ஒரு பக்கத்தில் நின்றுவிட்டது.

"இங்க பாரேன்" என்று புத்தகத்தைத் திருப்பிக் காட்டினார். பக்கத்தின் தலையில் கொட்டை எழுத்தில் 'பகுதி 1.9: தசம எண்களை ஒப்பிடுதல்' என்று இருந்தது. அடுத்த பக்கத்தைத் திருப்பினார். 'பகுதி 1.10: பயிற்சிகள்.'

டீச்சர் புத்தகத்தை வாங்கி இரண்டு பக்கத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள்.

"பதினெட்டு வருஷமா இந்தப் புத்தகத்தைத்தான் புரட்டறேன்" என்றார் அவர். "பிள்ளைங்க எங்கேர்ந்து கத்துக்கிட்டு வந்து அப்படி எழுதுதுன்னு இப்பதான் புரியுது." பிறகு சிரிக்க ஆரம்பித்தார். டீச்சருக்கு அழுகைதான் வந்தது, ஆனால் அவர் சிரிப்பதைப் பார்த்ததும் அது பாதி வழியில் திரும்பிவிட்டது. இரண்டு பேரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்கள். சிரித்து ஓய்ந்த பிறகும் நாளைய கவலை அப்படியே இருந்தது.

மறுநாள் காலை அவள் பையை வைப்பதற்குள் தொப்பிக்காரர் எதிரே வந்து நின்றார். முகம் தொங்கிப்போயிருந்தது.

"டீச்சர், மன்னிச்சுக்கோங்க. உங்க ஆணியை எடுத்துட்டு என் கணினியில தொப்பி வச்சுப் பார்த்தேன். புது வெர்ஷன் வந்துது. எல்லாச் சீட்டும் கந்தல். பேரு ரெண்டு ரெண்டு தடவை வருது, உப்பு கூடாதுங்கறது அடுத்த சீட்டுக்கு ஓடுது. நீங்க சொன்னதுதான் சரி. அந்தப் பேக்கேஜை ஆணி அடிச்சுத்தான் வைக்கணும். மீட்டிங்ல நானே சொல்லிடறேன்."

டீச்சர் அவர் முகத்தையே பார்த்தாள். கந்தலானது ஏன் என்று அவளுக்குத் தெரியும். புது வெர்ஷன் தானாகவே பேரை ஒழுங்காக மடிக்கிறது. அதற்கு முன்னாலேயே அவளுடைய இருநூற்றுப் பன்னிரண்டு வரியும் பேரை மடித்துவிடுகிறது. ஒரே துணியை இரண்டு பேர் பிடித்து இழுத்தால் கிழியாமல் என்ன செய்யும்? தப்பு பேக்கேஜிடம் இல்லை, அவளிடம். ஆனால் அவள் வாயைத் திறக்கவே வேண்டாம். எதிராளியே சாட்சி சொல்ல வந்து நிற்கிறார்.

"சரி" என்றாள். ஆடு திருடியவள் போல முழித்துக்கொண்டு இருக்கையில் உட்கார்ந்தாள்.

பத்து மணிக்குப் போன் அடித்தது. மேற்பார்வை அம்மா. "டீச்சர், சீட்டு ரோல் தீர்ந்துபோச்சு. இன்னும் ரெண்டு பெட்டி அனுப்பச் சொல்லுங்க. வெத்துச் சீட்டு கூடை ரொம்பி வழியுது."

"அது அப்படித்தான்மா..." என்று ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்தினாள். நாலு வருடமாக இந்த அம்மாவிடம் இதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அது அப்படித்தான் இல்லை. அது அப்படி இருந்திருக்கவே வேண்டியதில்லை. "நான் பார்க்கறேன்மா. நிஜமாவே பார்க்கறேன்" என்று சொல்லிப் போனை வைத்தாள்.

மீட்டிங்கில் தொப்பிக்காரர் சொன்ன சொல் தவறாமல் முதல் ஆளாக எழுந்தார். "மூத்த ஆணியைப் பத்தி நான் ஒண்ணு சொல்லணும்" என்று தொடங்கினார்.

"உக்காருங்க சார்" என்றாள் டீச்சர். வகுப்பறைக் குரல் தானாக வந்துவிட்டது. அவரும் சட்டென்று உட்கார்ந்துவிட்டார். டீச்சர் பலகைக்குப் போய் 1.9 என்றும் 1.10 என்றும் எழுதினாள். "இதுல எது பெருசு?"

"வெர்ஷன்லயா, கணக்குலயா?" என்றார் தொப்பிக்காரர்.

"அதேதான்" என்றாள் டீச்சர். "அந்தக் கேள்வியை நாலு வருஷத்துக்கு முன்னால நான் கேட்கலை. அந்த ஆணி தப்பு. அடிச்சது நான். 1.10ஐப் பழசுன்னு நெனச்சு ஒதுக்கிட்டேன். சரியான வெர்ஷன் அன்னைக்கே இருந்துது. அந்த இருநூத்திப் பன்னெண்டு வரி தேவையே இல்லை. இன்னைக்கு அவர் கணினியில சீட்டு உடைஞ்சதுக்கும் அந்த வரிங்கதான் காரணம்."

மேடம் கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தாள். "புதுசா யார் வந்தாலும் அந்த வரிகளைத் திறந்து, வேலைன்னா இப்படிச் செய்யணும்னு நான்தானே டீச்சர் காட்டுவேன்!"

"தெரியும் மேடம். ஒவ்வொரு தடவையும் எனக்குப் பெருமையா இருந்துது."

யாரோ முதலில் சிரித்தார்கள். பிறகு அறையே சிரித்தது. தொப்பிக்காரர் சிரித்த சிரிப்பில் நாற்காலி பின்னால் நகர்ந்தது. மேடம் மட்டும் சிரிக்கவில்லை.

"எப்பத் தெரியும் உங்களுக்கு?"

"நேத்து சாயங்காலம்."

"காலையில இவர் வந்து மன்னிப்புக் கேட்டாராமே. அப்பவே ஏன் சொல்லலை?"

பொய் சொல்ல வழி இருந்தது. ஆனால் ஒரு நாளைக்கு ஒரு குட்டு உடைந்தது போதும் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. "பொறுப்பு கை விட்டுப் போயிடுமோன்னு பயம் மேடம்."

மேடம் நோட்டில் என்னவோ எழுதினாள். "முதல்ல அந்த வரிகளை எடுங்க. மத்ததெல்லாம் அப்புறம்."

அப்புறம் என்றால் என்ன அர்த்தம் என்று டீச்சருக்குப் புரியவில்லை. பள்ளிக்கூடத்தில் அவள் 'அப்புறம் பார்க்கலாம்' என்று சொன்னது ஒன்றைக்கூட அப்புறம் பார்த்ததில்லை. போனது போனதுதான் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். விசித்திரம் என்னவென்றால், மனம் தேறவும் செய்தது.

அடுத்த நாலு நாள் அவளும் தொப்பிக்காரரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து அந்த வரிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார்கள். தன் கையால் கட்டியதைத் தன் கையாலேயே பிரிப்பது வலிக்கும் என்று நினைத்திருந்தாள். வலிக்கவில்லை. அலமாரியை ஒழித்துப் போடுகிற சுகம்தான் இருந்தது. நடுநடுவே தொப்பிக்காரர், "இந்த வரி நெஜமாவே அழகு டீச்சர், எடுக்க மனசு வரலை" என்பார். "எடுங்க சார், எடுங்க" என்பாள் இவள். மீதிப் பதிமூன்று ஆணியையும் அலசினார்கள். எட்டுக்குத் தொப்பி வைத்தார்கள். ஐந்து ஆணியாகவே நின்றது, பக்கத்தில் தேதியும் காரணமும் எழுதி. அந்த ஐந்தில் இரண்டுக்குத் தொப்பிக்காரரே வக்காலத்து வாங்கினார்.

செவ்வாய்க்கிழமை சமையலறைக்கே நேரில் போனார்கள், சோதனைக்கு. நீராவியும் பாத்திரச் சத்தமுமாக இருந்த நீளமான அறை. அன்றைக்கு அங்கே இருந்த நோயாளிகளிலேயே நீளமான பேரை எடுத்து அடித்தார்கள். ஒரே சீட்டு வந்தது. பேர் இரண்டு வரியில் அடக்கமாக மடிந்திருந்தது, கீழே கறுப்பாக 'உப்பு கூடாது'. அவ்வளவுதான். வால் இல்லை.

மேற்பார்வை அம்மா அச்சு இயந்திரத்தின் வாயைக் குனிந்து பார்த்தாள். தட்டிப் பார்த்தாள். "என்ன டீச்சர், வெத்துச் சீட்டு வரலை? ரிப்பேராகிடுச்சா?"

"இனிமே வராதும்மா."

"ஐயோ, அப்ப நான் இனிமே எதுல எழுதறது? யார் லீவு, எந்த அடுப்பு சரியில்லைன்னு எல்லாம் அதுலதானே குறிச்சு வைக்கறேன்!" என்றாள் அந்த அம்மா, முகமெல்லாம் கவலையாக. நாலு வருடம் கூடை கூடையாகக் குறை சொன்னவள் இவள்தான். டீச்சர் பையிலிருந்து புது நோட்டு ஒன்றை எடுத்து அவள் கையில் கொடுத்துவிட்டு வந்தாள்.

அலுவலகம் திரும்பியபோது மேடம் டீச்சரின் மேசைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். "நல்லா வந்துதா?"

"வந்துது மேடம்."

"அப்ப வெளியிட்டுடலாம். நம்ம மென்பொருள் இப்ப 4.9ல இருக்கு. பெருசா எதையும் புரட்டிப் போடலை, அதனால முதல் எண் மாறாது." கொஞ்சம் நிறுத்தினாள். அவள் முகத்தில் சிரிப்பு இல்லை, ஆனால் அடக்கி வைத்திருந்தது எல்லோருக்கும் தெரிந்தது. "அடுத்த நம்பர் என்ன டீச்சர்?"

சுற்றிலும் விசைப்பலகைச் சத்தம் நின்றது. தொப்பிக்காரர் நாற்காலியைத் திருப்பினார்.

டீச்சர் வாயைத் திறந்தாள். பதினோரு வருடத்துப் பிள்ளைகளும் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்து அவளையே பார்ப்பது போல இருந்தது.

"நாலு புள்ளி பத்து" என்றாள்.

"சரியா?"

"சரிதான்."

"நீங்க சரின்னா சரி. நம்பரைப் போட்டு நீங்களே அனுப்புங்க. இனிமே அந்த வேலை உங்களுது" என்று சொல்லிவிட்டு மேடம் தன் அறைக்குப் போனாள். தொப்பிக்காரர் கை தட்டினார். டீச்சர் எண்ணைத் தட்டச்சு செய்தாள். பத்தின் சுழியத்தை அடிக்கும்போது விரல் ஒரு கணம் தயங்கத்தான் செய்தது. அடித்தாள். அனுப்பினாள். அன்றைக்கு முழுக்க அவள் முகம் மலர்ந்தே இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகப் பழைய நோட்டைத் திறந்து வைத்தாள். பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து, '1.10 பழசு, வேண்டாம்' என்ற வரியின் மேல் பெரிதாகப் பெருக்கல் குறி போட்டாள். ஓரத்தில் மதிப்பெண் சுழியம். அதற்குக் கீழே ஒரு கோடு இழுத்து, கோட்டுக்குக் கீழே பழைய பழக்கத்தில் 'பெற்றோர் கையொப்பம்' என்று எழுதி, நோட்டை வீட்டுக்காரர் பக்கம் தள்ளினாள்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழுவதும் படித்தார். அவசரமே படவில்லை. பிறகு, இத்தனை வருடமாக அவருக்கு வந்த அத்தனை பெற்றோரும் எழுதியதைப் போலவே எழுதினார்: 'பார்த்தேன். பிள்ளை நல்ல பிள்ளைதான். இனி வீட்டில் கவனித்துக்கொள்கிறோம்.'

கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார்.